நிமிருங்கோ அக்காவின் கழுத்துப் பரீட்சை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வுப்பர்டால் நகரத்தில் எந்தத் தமிழராவது நெஞ்சை நிமிர்த்தி நடந்திருந்தால், அதற்குக் காரணம் தன்மானம் அல்ல, எங்கள் அக்கா. எதிரே வருபவரின் முகத்தை அவர் பார்க்கமாட்டார். தோளைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், பிறகு "நிமிருங்கோ!" என்பார். வணக்கமும் அதுதான், சுகம் விசாரிப்பதும் அதுதான். ஊர் அவருக்கு நிமிருங்கோ அக்கா என்றே பெயர் வைத்துவிட்டது.

நானும் அவரும் ஒரே பிராக்சிஸில், அதாவது சிகிச்சை நிலையத்தில், கைரோபிராக்டர்கள். முள்ளந்தண்டைக் கையாலே அழுத்தி, திருப்பி, சரிப்படுத்துகிற வேலை. எனக்கு அது வேலை நேரத்தோடு முடிந்துவிடும். அக்காவுக்கு முடியாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியாரை வாசலில் மறித்தார்.

"சுவாமி, பீடத்துக்கு முன்னால குனியேக்க நடு முதுகில மடியுறீங்கள். இடுப்பில மடிங்கோ. கடவுளுக்கு ரெண்டும் ஒண்டுதான், உங்கட டிஸ்குக்கு அப்பிடியில்லை."

அடுத்த ஞாயிறு சுவாமி கதவுப் பலகைபோலக் குனிந்தார். ஒரு கல்யாண வீட்டில் பரிசு கொடுக்க மேடையேறிய அக்கா, மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் பின்னுக்கு இழுத்துவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு எடுத்த படங்களிலெல்லாம் அந்தப் பெடியன் இராணுவத்தில் சேர வந்தவன்போல நிற்கிறான்.

அக்காவின் கை பொன்னான கை. எழுத்துத்தான் வில்லங்கம். நோயாளிக்கு என்ன கண்டோம், என்ன செய்தோம் என்று ஒவ்வொரு முறையும் பதிவு எழுதவேண்டும். கழுத்து திரும்பாமல் வந்த ஒரு ஜெர்மன்காரரைப் பற்றி அக்கா எழுதியிருந்தது இது:

"இவருடைய வீட்டில் மாமியார் வந்து நிற்கிறார். மாமியாருக்குக் கட்டில், இவருக்குச் சோபா. கழுத்து வலது பக்கம் திரும்பாது. சாப்பாட்டு மேசையில் மாமியார் இருப்பது வலது பக்கம்."

பிராக்சிஸ் உரிமையாளர் அதை இரண்டு தரம் வாசித்தார். "இது மருத்துவப் பதிவா, நாடகமா?" என்று கேட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: முள்ளந்தண்டின் இயக்கவியலும் பதிவெழுதுதலும் பற்றிய வாரஇறுதிப் பயிற்சி வகுப்பு, ஃபோர்ட்பில்டுங், ஒன்று வருகிறது, அதில் அக்கா தேறவேண்டும். தேறாவிட்டால் சூட்டு ஒத்தடம் மட்டும் வைக்கலாம், கழுத்துகளைத் தொடக்கூடாது.

என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். வகுப்பெடுத்த விரிவுரையாளர் நெடிய மனிதர். தலையின் பாரம் முள்ளந்தண்டு வழியாக இடுப்புக்கு எப்படி இறங்குகிறது என்று அழகாக விளக்கினார், ஆனால் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தபடி. அக்கா தவித்தார்.

"பிள்ளை, இந்த மனுசன் பாரம் இறங்கிறதைப் படிப்பிக்குது. தன்ர பாரம் முழுக்க இடப்பக்கம் கிடக்கு."

"பேசாமல் இருங்கோ அக்கா."

"ஏலாது."

கையை உயர்த்தி, ஜெர்மனில், மிகுந்த மரியாதையுடன், நிமிர்ந்து உட்காரச் சொன்னார். விரிவுரையாளர் நிமிர்ந்தார், நன்றி சொன்னார், பாடத்தைத் தொடர்ந்தார்.

வீட்டில் படிக்கவென்று அங்கிருந்த பிளாஸ்டிக் முள்ளந்தண்டை இரவல் வாங்கினோம். ஆற்றுக்கு மேலாகத் தொங்கி ஓடும் எங்கள் ஊர் ரயிலில் அக்கா அதை யன்னலோர ஆசனத்தில் இருத்தினார். முன்னால் இருந்த ஒரு ஜெர்மன் மூதாட்டி, "உங்கள் உறவினரா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, இப்போதுதான் பழகுகிறோம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். மூதாட்டி தன் இடுப்பைப் பற்றிச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் தன் கழுத்தைப் பற்றிச் சொல்ல, பெட்டி முழுக்கச் சிகிச்சை நிலையமாகிவிட்டது. நாங்கள் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

பரீட்சைக்கு அக்காவுக்குக் கிடைத்த நோயாளி, திருச்சியிலிருந்து வந்து வேலைபார்த்த ஒரு பொறியாளர். அக்காவின் முகம் மலர்ந்தது.

"எந்த ஊர் தம்பி?"

"திருச்சி மேடம். ஆபீஸ்ல ஃபுல் டே லேப்டாப்தான். நெக் பயங்கர பெய்ன்."

"சமைக்கிறது ஆர்?"

நேரம் முடிந்தபோது அவருடைய கழுத்து அருமையாகத் திரும்பியது. பதிவுத் தாளில் இரண்டே வரி: "வளைந்து வந்தார். நிமிர்ந்து போனார்."

"உண்மைதான், நானும் பார்த்தேன்" என்றார் விரிவுரையாளர். "ஆனால் கழுத்து திரும்பியது எத்தனை பாகை?" நான் தேறிவிட்டேன், அக்கா தேறவில்லை. மறுபடி எழுத இன்னொரு வாய்ப்பு மட்டும் கொடுத்தார்.

அன்று வீடு திரும்பும்போது, அக்கா குனிந்து நடந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். தெருவில் ஒருவரையும் அவர் நிமிரச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அளக்கவும் எழுதவும் பழக்க நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர்தான் நோயாளி. "எனக்கு ஒண்டும் இல்லையப்பா" என்று முனகியபடி படுத்திருப்பார். அக்காவோ கழுத்து திரும்பும் அளவைக் காட்டும் பாகைமானியைக் கையால் தொடவே மறுத்தார்.

"ஆளுக்கு நோவு குறைஞ்சால் போதாதே? இலக்கம் என்னத்துக்கு?"

"அக்கா, ஒரு நாள் நீங்கள் லீவெண்டு வையுங்கோ. அந்தச் சோபாவில படுக்கிற மனுசன்ர கழுத்தை நான் திருப்பவேணும். எவ்வளவு திருப்பலாமெண்டு மாமியாரைக் கேட்டே பாக்கிறது?"

அக்கா பாகைமானியை எடுத்தார். "சரி. உன்ர கையில குடுக்கிறதெண்டால் வடிவா எழுதத்தான் வேணும்."

இரண்டாம் பரீட்சையில் ஒரு ஜெர்மன் அம்மா வந்தார். அக்கா கேட்டார், அளந்தார், கை வைத்தார், மறுபடி அளந்தார், எழுதினார். தாளை வாசித்துக்கொண்டே வந்த விரிவுரையாளர் கடைசி வரியில் நின்றார்: "மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவான். திங்கட்கிழமை வலி குறைவு."

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஓம் என்று தலையாட்டினார். விரிவுரையாளர் பேனாவை எடுத்து, அந்த வரியை வெட்டாமல், கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை பிராக்சிஸில் எல்லாருக்கும் மட்டன் ரோல் கிடைத்தது. உரிமையாளர் இரண்டு சாப்பிட்டுவிட்டு, அக்காவின் கழுத்து நோயாளிகளைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் கல்யாணமாகி தூரத்து எர்லாங்கனுக்கு வந்து கனகாலமாகிறது. இங்கேயும் ஒரு பிராக்சிஸில் இதே வேலைதான். இப்போதும் முதுகு பிடித்தால் ரயிலேறி வுப்பர்டாலுக்குப் போகிறேன். "உன்னோட வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் இதே வைத்தியம்தானே செய்யினம்?" என்று என் கணவர் கேட்பார்.

முதுகுக்கு மட்டுமென்றால் அவர்களே போதும்.