இமொஜென் கூப்பிட்ட விருந்து

"வெள்ளிக்கிழமை மத்தியானம் என்கூட சாப்பிட வாங்க கிளைவ்" என்று இமொஜென் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனதும் கிளைவ் ஹாப்வுட் தன் நாட்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இமொஜென் தயாரிப்பாளர். மான்செஸ்டரில் எடுக்கப்படும் 'பிரிம்பிள் சந்து' டி.வி. தொடரில், அவள் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பிழைத்த கதாபாத்திரம் எதுவும் கிடையாது. தபால்காரராக நடித்தவருக்கு வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தாள். தபால்காரர் கால்வாயில் விழுந்தார். மதுக்கடைக்காரிக்கு ஆட்டுக்கறி, பாவம், கடையோடு எரிந்துபோனாள்.

கிளைவுக்குக் கசாப்புக் கடைக்காரர் ரான் வேஷம். வருடக் கணக்காக அவர் பேசி வருவது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "வேற என்ன வேணும்மா?" அதற்கு முன் அவருடைய கலை வாழ்க்கை என்பது ஒரு மெத்தை விளம்பரம். அதிலும் தூங்குகிற ஆள்.

"இதுவும் போச்சுன்னா இந்த வயசுல எனக்கு யாரு வேஷம் குடுப்பா மேவிஸ்? மெத்தைக்காரனே இப்ப சின்னப் பசங்களைத்தான் தூங்க வைக்கிறான்."

மேவிஸ், ரானின் நாயாக நடிக்கும் வில்ஃபை வளர்ப்பவள். "உங்களைப் போய் யாருண்ணே கொல்லப் போறாங்க?" என்றாள்.

"ஏன், அவ்வளவு பேரு வாங்கிட்டேனா?"

"இல்லண்ணே, நீங்க இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இல்லியே."

அது உண்மைதான். ரசிகர் கடிதமெல்லாம் வில்ஃபுக்குத்தான் வரும்.

சாப்பிடப் போனால்தானே சாவு என்று யோசித்த கிளைவ், உடம்பு சரியில்லை என்று சொல்லி விருந்துக்கு டிமிக்கி கொடுத்தார். கதாசிரியன் காரத் அதைக் கேட்டுப் பரிதாபப்பட்டான். அடுத்த வாரக் காட்சியில் ரானுக்கு ஒரு நாற்காலி போட்டு, ஒரு குறிப்பும் எழுதினான்: 'ரான் லேசாக இருமுகிறார்.'

கிளைவ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தொடரில் எவனாவது சும்மா இருமுவானா? இருமினால் சவப்பெட்டிக்கு அளவெடுத்தாயிற்று என்று அர்த்தம்.

காரத்தின் அறைக்கு ஓடினார். "தம்பி, நான் கல்லு மாதிரி இருக்கேன். பாரு!" என்று தரையில் தண்டால் எடுக்கக் குனிந்தார். இறங்கியவர் எழுந்திருக்கவில்லை.

"அடடா, இடுப்பும் போச்சா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று காரத் அவரைத் தூக்கி உட்கார வைத்தான். மறுநாள் ரானுக்கு ஊன்றுகோலும் வந்து சேர்ந்தது.

இனி மானம் பார்த்து என்ன ஆகப் போகிறது? இடுப்பைப் பிடித்துக்கொண்டே கிளைவ் இமொஜென் அறைக்குள் நுழைந்தார்.

"என்னைக் கொன்னுடாதம்மா! எனக்கு நடிக்க வராது, எனக்கே தெரியும். எங்க அக்காவே நாய் வர்ற சீனை மட்டும்தான் பாப்பா. ஆனா அந்தக் கடையில நிக்கிறப்பதான் நானும் ஒரு மனுஷன். ரப்பர் கறின்னாலும் அது என் கடைம்மா!"

"கிளைவ், ஒரு நிமிஷம்..." என்றாள் இமொஜென்.

அவர் விடவில்லை. மேசையில் தலையைச் சாய்த்து விக்கி விக்கி அழுதார். சத்தியமாக அது நடிப்பு இல்லை. தலை நிமிர்ந்தபோது இமொஜென் கண்ணிலும் தண்ணீர்.

"போங்க கிளைவ்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் பாத்துக்கறேன்."

பிழைத்தோமடா சாமி என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினார், மெத்தை விளம்பரத்தில் தூங்கியதைவிட நன்றாக.

திங்கட்கிழமை கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடின் வசனம் கைக்கு வந்தது. ஒரு மணி நேரம் முழுக்க ரான்தான். பக்கம் பக்கமாக வசனம். கடைசிப் பக்கத்தில், தன் கடையிலேயே, வில்ஃப் கையை நக்க நக்க ரான் சாகிறார்.

கிளைவ் கசாப்புக் கடை அரங்கில் ரப்பர் கறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது மேவிஸ் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீங்க தெய்வம்ணே! சாக வேண்டியது எங்க வில்ஃபாம். அதை உங்ககிட்ட பக்குவமா சொல்லத்தான் இமொஜென் சாப்பிடக் கூப்பிட்டாங்களாம். நீங்க அழுததைப் பாத்துட்டு, 'இந்த மனுஷனுக்கு இவ்வளவு நடிப்பு வருமா, இப்படி ஒரு சாவைப் போய் நாய்க்குக் குடுக்கறதா'ன்னுட்டாங்களாம்!"