குறையாத சாடி

கொயினாச் சாடி கழுத்து வரை நிறைந்திருந்தது. அது நிறைந்திருக்கக் கூடாது.

கம்பவுண்டர் தாணுமாலையன் மூடியை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திறந்தார். மருந்து அங்கேயேதான் நின்றது. நேற்று மாலை டாக்டர் காய்ச்சலுக்கான அந்தக் கொயினா மருந்தைத் தம் கையாலேயே கலக்கி, கழுத்து வரை நிறைத்து வைத்துவிட்டுத்தான் திருநெல்வேலி கோர்ட்டில் சாட்சி சொல்ல வண்டியேறினார். இன்று காலை ஒன்பது காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாயிற்று. பிறகு வாசலில் ஒருவனுடைய கால் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் சாடி இப்படி.

ஒரு போத்தலில் ஆறு வேளை மருந்து. ஒன்பது போத்தல் ஊற்றினால் அந்தப் பீங்கான் சாடியில் ஒரு சாண் இறங்க வேண்டும். மருந்து சிந்தும், கசியும், வெயிலில் வற்றவும் செய்யும். கிணறு மாதிரி ஊறுவது மட்டும் கிடையாது. மருந்து அறைக்குள் அவரைத் தவிர வேறு யாருக்கும் வேலையும் கிடையாது.

அப்படியானால் அவர் ஊற்றியது இந்தச் சாடியிலிருந்து இல்லை.

தாணுமாலையனின் கண் பைய நகர்ந்து பக்கத்துச் சாடிக்குப் போனது. அதே உயரம், அதே பீங்கான், அதே மூடி. அதில் இருந்தது முட்டுவலிக்குப் பூசுகிற தைலம். பூசினால் வலியை மரத்துப்போகச் செய்யும். குடித்தால் ஆளையே மரத்துப்போகச் செய்யும்.

இப்படிப்பட்ட சரக்கு சாதாரணமாக நீலநிறப் போத்தலில்தான் வரும். அந்தப் போத்தலின் மேலெல்லாம் வரிவரியாகப் புடைப்பு இருக்கும். கண் ஏமாந்தாலும் கை ஏமாறாது. தொட்டவுடனே 'இது விஷம்' என்று விரல் சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு. ஐப்பசி மழையில் அந்தப் போத்தல் தாணுமாலையன் கையிலிருந்து வழுக்கி உடைந்தது. அன்றிலிருந்து தைலம் இந்தச் சாடியில் குடியிருக்கிறது. இரண்டுக்கும் பழுப்பு நிறம். வாசனையாவது காட்டிக்கொடுத்திருக்கும், மார்கழிப் பனி அவருடைய மூக்கை அடைத்து நாலு நாளாகிறது.

தைலச் சாடியைத் திறந்தார். பாதிதான் இருந்தது. நேற்று எவ்வளவு இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. பயப்படுகிறவனுக்குப் பாதி போதும்.

கொல்லைப்பக்கம் ஆஸ்பத்திரி ஆயா சாரம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"சாரம்மா, காலையில நான் மருந்து ஊத்தும்போது நீ பாத்தியா?"

"எங்கய்யா பாக்க. நான் பின்வாசல்லல்லா நின்னேன்."

"எந்தச் சாடியில கைய வச்சேன்னு..."

"என்னய்யா ஆச்சு? மொகம் வெளுத்துக் கெடக்கு."

"ஒண்ணுமில்ல. பனி."

இவளிடம் சொன்னால் அரை நாழிகையில் கொற்கை வரைக்கும் தெரிந்துவிடும். ஒன்பது உயிர், அதன் பிறகு பாளையங்கோட்டை ஜெயில் என்று எண்ணிக்கொண்டே தாணுமாலையன் செருப்பை இடமும் வலமும் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

மறுநாள் பொங்கல். தெருவெங்கும் சட்டி பானை, உரல், பாய் எல்லாம் வெளியே கிடந்தன. சங்கிலிபூதத்தான் வீட்டில் அவன் பெண்சாதி செல்லக்கிளி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே இருட்டில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

"மருந்து குடிச்சியாலே?"

"ஒரு வெட்டு குடிச்சேன்யா."

போத்தலின் பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தில் ஆறு வெட்டு. ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவனும் அளவு தப்பாமல் குடிக்கலாம். சங்கிலிபூதத்தான் அளவு தப்பவில்லை. சரியாக ஒரு வெட்டுக் குறைந்திருந்தது.

அந்தத் தைலத்தைக் குடித்தவனுக்கு என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாக்கு வறளும். நெஞ்சு படபடக்கும். கண்ணின் பாப்பா அகல விரியும். தாணுமாலையன் அவனுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்திக் கண்ணுக்குள் பார்த்தார். பாப்பா மிளகுக்குப் பதிலாகச் சுண்டைக்காயாக இருந்தது.

பாப்பா என்பது கண்ணில் இருக்கிற ஒரு துவாரம். வெளிச்சம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். இருட்டில் உட்கார்ந்திருக்கிற எவனுக்கும் அது விரிந்துதான் இருக்கும். இதையும் டாக்டர் படம் போட்டே காட்டியிருக்கிறார். ஒன்பது கொலையைத் தலையில் சுமந்துகொண்டு குனிந்தவருக்கு அந்தப் படம் ஞாபகம் வரவில்லை.

"நாக்கு வறளுதாலே?"

"காய்ச்சக்காரனுக்கு நாக்கு வறளாம என்ன செய்யும்?"

"நெஞ்சு படபடக்கா?"

"நீங்க இப்படித் தாடையப் புடிச்சா படபடக்கத்தான் செய்யும்."

"தாயீ செல்லக்கிளி, ஒரு சட்டி வெந்நி வை. ரெண்டு கை உப்பு போடு. சீக்கிரம்."

வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பைக் கரைத்து மடமடவென்று குடித்தால் வயிறு அதைத் தாங்காது. உள்ளே இருக்கிறதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சங்கிலிபூதத்தான் வாசலில் குந்தி, காலையில் குடித்த கஞ்சியோடு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினான். தாணுமாலையன் போத்தலைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

அடுத்த வீட்டிலும் நோயாளி இருட்டில்தான் இருந்தான். பாப்பா விரிந்துதான் இருந்தது. உப்புத் தண்ணீர். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. நாலாவது வீட்டு வாசலில் ஒரு கிழவர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது வாய்க்காலிலிருந்து குடத்தோடு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள்.

வாந்தியைப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும். போன வருஷம்தான் ஆற்றுக்கு அக்கரையில் வாந்திபேதி வந்து பதினேழு பேரைக் கொண்டுபோயிருந்தது. குடங்கள் கீழே இறங்கின. சிறிது நேரத்தில் வாசல்களில் வேப்பிலை ஏறியது. பொங்கலுக்காக வெளியே எடுத்து வைத்திருந்த சாமான்கள் வீட்டுக்குள் திரும்பிப் போகாமல் வண்டிக்குள் போயின.

"பேதி இல்ல தாயீ, வண்டிய அவுத்து விடுங்க" என்றார் தாணுமாலையன், நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு.

"பேதி இல்லன்னா எதுக்கு வரிசையா நாலு வீட்டுல எடுக்காவ?" என்றாள் செல்லக்கிளி. அவள் கையில் இன்னும் சுண்ணாம்பு மட்டை இருந்தது.

"அது சும்மா வாந்தி."

"சும்மா எவன்யா வாந்தி எடுப்பான்?"

"மருந்துல... ஒரு சின்ன மாத்தம்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பேதிக்குப் பயந்தவர்கள் வண்டியேறத்தான் பார்த்தார்கள். மருந்தில் விஷம் என்று கேட்டவர்கள் வண்டியை விட்டு இறங்கி அவரையே பார்த்தார்கள்.

அதன் பிறகு அவர் போன வீட்டுக்கெல்லாம் ஊரும் பின்னால் வந்தது. ஒன்பதாவது வீடு ஆபிதா பீவியுடையது. பேரனுக்குக் காய்ச்சல் என்று அவள்தான் காலையில் மருந்து வாங்கிப் போனாள். முற்றத்து வெயிலில் பேரனை உட்கார வைத்திருந்தாள். தாணுமாலையன் பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். பாப்பா கடுகளவு இருந்தது.

"இவன் குடிக்கலயே?"

"கசக்கும்னு ஓடுதான். மத்தியானம் வெல்லம் வச்சுக் குடுப்போம்னு இருக்கேன்."

அதனால்தான் பிழைத்தான் என்று தாணுமாலையன் பிள்ளையை வாரி எடுத்து உச்சி மோந்தார். மற்ற எட்டுப் பேரையும் இதே வெயிலில் ஒரு நிமிஷம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் எட்டுப் பேருக்கும் கடுகளவுதான் இருந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தப் போத்தலக் குடுங்க, பீவி. அது பழைய மருந்து. புதுசு கொண்டாறேன்."

"காலையில குடுத்த மருந்துக்கு அதுக்குள்ள வயசாயிட்டாக்கும்?"

கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தாணுமாலையன் ஒன்பது போத்தலையும் மேல்துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த மூட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வேறு ஒன்பது போத்தலைக் கழுவினார். இந்தத் தடவை தப்பு நடக்கவே கூடாது. கொயினாச் சாடியின் மேல் ஒட்டியிருந்த எழுத்தை எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தார். சாடியில் கையை வைத்துக்கொண்டே ஒன்பதையும் நிறைத்தார். இப்போது சாடி சரியாக ஒரு சாண் இறங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சே வந்தது. கணக்குப்படி நடக்கிற சாடி அது. காலையில் தப்புச் செய்தது தம் கைதான்.

ஆனால் முதலில் போன சங்கிலிபூதத்தான் வீட்டிலேயே புது மருந்தை யாரும் வாயில் வைக்கத் தயாராக இல்லை.

"உப்புத் தண்ணி குடிச்சுக் கொடலு வெளிய வந்துட்டு. இதையும் குடிச்சா என்ன வெளிய வரும்?" என்றான் சங்கிலிபூதத்தான்.

"இது சுத்தமான கொயினாலே. சத்தியமா."

"காலையிலயும் இப்படித்தான சொன்னிய."

ஆபிதா பீவி முன்னால் வந்தாள். "எதுக்கு வீண் பேச்சு? வாப்பா, நீங்க ஒரு வாய் குடிங்க. பொழுது அடையற வரைக்கும் நீங்க மவுத்தாவாம இருந்தா நாங்களும் குடிக்கோம்."

"ஆமா, அதான் சரி" என்றது ஊர்.

தாணுமாலையன் சட்டைப்பையிலிருந்து அவுன்ஸ் கிளாஸை எடுத்தார். ஒரு வெட்டு ஊற்றி எல்லாரும் பார்க்க அண்ணாந்து குடித்தார். மூக்கடைப்பில் ருசி தெரியவில்லை. கசப்பு மட்டும் தெரிந்தது.

"இது பூதத்தான் போத்தலு" என்றாள் செல்லக்கிளி. "மத்த போத்தல்ல என்ன இருக்கோ, யாரு கண்டா?"

நியாயமான சந்தேகம். ஆகவே ஒன்பது வீட்டிலும் ஒன்பது போத்தலிலிருந்தும் ஒவ்வொரு வெட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் போத்தலை வாங்கி உறியில் வைத்துவிட்டு, "பொழுது அடையட்டும்" என்றார்கள். அவரைத் தவிர ஒருவர்கூட ஒரு துளி குடிக்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது ஊர் பாதி கூடவே வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டது, அவர் சாகிறாரா என்று பார்க்க.

தாணுமாலையனுக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டியது. பயம் என்று நினைத்துக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். ஒட்டியபடியே இருந்தது. நெஞ்சு உலக்கை போட்டது. ஒன்பது வீட்டுக்கு ஓடியவனுக்கு அடிக்காதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மேற்கே சாய்ந்த வெயில்கூடக் கண்ணில் ஊசியாகக் குத்தியது. நடந்ததையெல்லாம் எழுதி வைத்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தார். அவர் எழுதிய எழுத்தே அவர் கண்ணுக்கு எறும்புச் சாரியாக ஊர்ந்தது. 'ஜெயிலுக்குப் போகிறவன் கண்ணு இப்படித்தான் இருக்கும்போல' என்று பேனாவைக் கீழே வைத்தார்.

பொழுது அடைவதற்கு முன்னாலேயே டாக்டர் திருஞானசம்பந்தத்தின் வண்டி வந்துவிட்டது. வேலியோரம் ஊரைப் பார்த்து, வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினார்.

"என்னவே இது? தேரோட்டமா?"

தாணுமாலையன் அவர் காலில் விழுந்தார். சாடி, தைலம், உப்புத் தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார். டாக்டர் சாவியை வாங்கினார். அலமாரியைத் திறந்து காலையில் கொடுத்த ஒன்பது போத்தலையும் மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்பதாவது போத்தலை மூடும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

"கொயினாதான்வே. ஒம்பதும் சுத்தக் கொயினா. நீரு சரியாத்தான் குடுத்திருக்கீரு."

தாணுமாலையனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்து, "சரியாத்தான் குடுத்திருக்கேன்லே" என்று கத்தினார். நாக்கு ஒட்டியிருந்ததால் பாதிதான் வெளியே வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் கொயினாச் சாடியைத் திறந்து குனிந்தார். மூக்கைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு தாணுமாலையனைத் தோளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இங்கன பாரும். வெளிச்சத்துல நிக்கையில உம்ம பாப்பா ஏன்வே இப்படி விரிஞ்சு கெடக்கு? நீரு இன்னிக்கு என்ன குடிச்சீரு?"

"கொயினா... ஒம்பது வெட்டு. அந்தச் சாடியிலருந்து."

"காலையில ஒம்பது போத்தல் ஊத்தின சாடி எப்படிக் குறையாம இருந்துச்சு?"

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. சாரம்மாள் அலசிய துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது எப்படிங்கய்யா குறையும்? மிஞ்சின மருந்த வீட்டுல வச்சுப் பொங்கலிடப்படாது, தரையில கொட்டுனா மிதிச்சவனுக்கு அந்த நோவு ஒட்டும்னு ஊரே பின்வாசல்ல கொண்டாந்து குடுத்தாவ. குடிக்கித மருந்து, முட்டுக்குப் பூசுத தைலம், கண்ணுல விடுத தண்ணி எல்லாத்தையும், இவுக புண்ணு கட்டப் போனதும் நான்தான் அந்தச் சாடியில ஊத்தி நெறச்சு வச்சேன்."