நன்றிக்கு நூற்றுக்கு நூறு

மனித இனம் கூட்டம் போடக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இவ்வளவு பொருத்தமாக நாற்காலி போடப்பட்ட கூட்டம் இன்னொன்று நடந்ததில்லை. நீள்மேசையின் தலைப்பக்கம், கை வைத்த நாற்காலியில், தன் கடையிலிருந்தே கொண்டுவந்த இலவம்பஞ்சுத் திண்டின் மேல் தலைவர் அமர்ந்திருந்தார். அவர் மெத்தைக்கடை முதலாளி. அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, துணைத்தலைவரான பல் டாக்டர். இடப்பக்கம், பிஸ்கட் தட்டு கைக்கு எட்டும் தூரத்தில், பொருளாளர். தலைவரின் மனைவிக்குத் தம்பி என்பதற்கு மேல் அவருக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. எதிரே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிவப்பு மைப் பேனாவைத் திறந்து பிடித்தபடி. மேசை முடிந்து அரை முழம் தள்ளி, ஒரு ஸ்டூலில், எழுத்தர் அம்மா. மேசை அவருக்கு எட்டாது. பதினேழு வருடமாக மடியில் வைத்துத்தான் குறிப்பெழுதுகிறார்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூட்ட அறைக்குள் இல்லாதவரைக் குறிப்பில் சேர்ப்பது முறையல்ல. ஆனாலும் எழுத்தர் அம்மாவின் கண் அடிக்கடி அந்தக் கதவுப் பக்கமே போய்வந்தது. அவள் தையல்காரரின் மகள். பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டாள். கணிதம் படிக்கக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. 'உதவித்தொகை உண்டு' என்று ஒரு கடிதம் இன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரி அலுவலகத்தில் சேராவிட்டால், அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். பிறகு அப்பாவின் கடையில் பொத்தான் தைக்கும் இடம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

மணி இரண்டே கால்.

மேற்படிப்பு உதவித்தொகைக் குழுவின் நேர்மையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். முப்பத்தோரு வருடமாக வருடத்துக்கு ஒரு மாணவரைப் படிக்கவைக்கும் குழு அது. மதிப்பெண்ணைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், விண்ணப்பதாரர்கள் மதிப்பெண் பட்டியலை உறையில் ஒட்டி முத்திரை வைத்துத்தான் தர வேண்டும். தேர்வு முடிந்த பிறகே உறையைத் திறக்கலாம் என்பது விதி. தேர்வு முடிந்த பிறகு திறந்து என்ன ஆகப்போகிறது என்பது நடைமுறை. ஆகவே முந்தைய முப்பது வருடத்து உறைகளும் இரும்பு அலமாரியில், ஒரு முத்திரைகூட உடையாமல், கற்போடு இருந்தன.

குடும்ப வருமானத்தையும் குழு பார்ப்பதில்லை. அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தை எட்டிப்பார்ப்பது அநாகரிகம் அல்லவா?

பின் எதை வைத்துத் தேர்வு? நன்றியை வைத்து. உதவி பெற்றவர் எழுதவேண்டிய நன்றிக் கடிதத்தை, எல்லா விண்ணப்பதாரர்களும் உதவி பெறுவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிட வேண்டும். உதவி வழங்கும் விழாவுக்கான மலர் அச்சாகும் தேதி அப்படி அமைந்ததால் வந்த ஏற்பாடு இது. போகப் போக அதுவே கொள்கை ஆயிற்று. தலைமையாசிரியர் அதற்கு ஓர் 'அளவுகோல்' வகுத்துக் கொடுத்திருந்தார். கண்ணீருக்கு முப்பது, நெகிழ்ச்சிக்கு முப்பது, தலைவரைக் குறிப்பிடுவதற்கு நாற்பது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தலைவர்.

எழுத்தர் அம்மா கடிதக் கட்டை மேசையில் வைத்தார். மொத்தம் நாற்பத்தொன்று. விண்ணப்பத்தோடு ஆளுக்கொரு மாதிரிக் கடிதமும் அனுப்பி வைப்பது அலுவலக வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவரே உட்கார்ந்து எழுதிய மாதிரி அது. பெரும்பாலும் எல்லாரும் அதைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மாதிரியின் அடியில் இருந்த குறிப்பையும் விடவில்லை. "என் நன்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்கும் என்று உறுதி அளிக்கிறேன்" என்று முடித்திருந்தான்.

"இவனுக்குக் கண்ணீர்ல எவ்வளவு போடலாம்?" என்றார் தலைமையாசிரியர்.

"எட்டு. கண்ணு லேசா ஈரமாச்சு, அவ்வளவுதான்" என்றார் பல் டாக்டர்.

"மாமா பேரை மூணு இடத்துல சொல்லியிருக்கான்" என்று பொருளாளர் பிஸ்கட்டைக் கடித்தபடி நினைவுபடுத்தினார்.

"ரெண்டு இடத்துல தப்பா எழுதியிருக்கான்" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "இருந்தாலும் ஆசையா எழுதியிருக்கான் பாரு. முப்பத்தஞ்சு போடுங்க."

பத்தொன்பதாவது கடிதம் நான்கே வரி. தலைமையாசிரியர் உரக்கப் படித்தார்.

"ஐயா, நன்றியை முன்கூட்டியே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கிடைக்காத உதவிக்கு நன்றி எழுதினால் அது பொய். கிடைத்தால் நன்றாகப் படிப்பேன். படித்து முடித்ததும் நேரில் வந்து சொல்கிறேன்."

தலைவர் திண்டின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு இது?"

"தையல்காரர் பொண்ணுங்க. வெளியிலதான் உக்காந்திருக்கா. காலேஜ்ல இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள..." என்று ஆரம்பித்தார் எழுத்தர் அம்மா.

"அஞ்சு மணி இருக்கட்டும்மா. வாயைப் பாத்தியா! பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடியே என் பேஷண்டுங்க எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்றாங்க. புடுங்கினப்புறம் அவங்களால பேசவே முடியறதில்ல. அப்ப முன்னாடி சொல்றதுதானே முறை?" என்றார் பல் டாக்டர்.

"படிச்சு முடிச்சு வந்து சொல்லுவாளாம்!" என்றார் பொருளாளர். "அதுக்கு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நாம நன்றியில்லாம உக்காந்திருக்கணுமா?"

தலைமையாசிரியர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். முப்பத்தைந்து வருட ஆசிரியப் பணியில் இவ்வளவு உருண்டையான வட்டத்தை அவர் போட்டதில்லை. நூற்றுக்குச் சுழியம்.

எழுத்தர் அம்மா குறிப்பில் '19 - 0' என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தார். சரிபார்ப்பது அவர் பழக்கம். இந்த முறை அது கொஞ்சம் நேரம் பிடித்தது.

நாற்பத்தொன்றும் முடிந்தபோது மணி மூன்றேகால். அதிகபட்ச நன்றி எழுபத்திரண்டில் நின்றது. தலைவர் முகத்தில் திருப்தி இல்லை. அப்போது பொருளாளர் கட்டின் அடியில் கிடந்த இன்னொரு தாளை உருவினார். தட்டச்சு செய்த தாள்.

"இது ஒண்ணு விட்டுப்போச்சே!"

கோப்பில் எப்போதும் அடியில் இருக்கும் மாதிரிக் கடிதத்தின் மூலப்பிரதி அது. எழுத்தர் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, அது வந்து..."

"இரும்மா. படிக்கட்டும்."

தலைமையாசிரியர் படித்தார். எல்லாருக்கும் தெரிந்த வரிகள்தான். நாற்பது தடவை கேட்டவை. ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது. நீளமாக இருக்கிறதென்று மாணவர்கள் ஒருவர் விடாமல் அதை விட்டுவிட்டிருந்தார்கள். "பஸ் கல்லூரி வாசலில் நிற்கும்போதெல்லாம் இறங்கத் தோன்றும், ஆனால் நான் டிக்கெட் எடுத்தது அடுத்த நிறுத்தத்துக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். திண்டின் மேல் ஒருமுறை குலுங்கினார். பிறகு உண்மையாகவே அழுதார். பொருளாளர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். குழுவின் வரலாற்றில் இரண்டுமே முதல் முறை. எழுத்தர் அம்மா கதவைப் பார்த்துக்கொண்டார். காது மடல் சுட்டது.

"நூறு" என்றார் தலைவர் மூக்கைத் துடைத்தபடி. "நூற்றுக்கு நூறு போடுங்க சார். யாரு பெத்த புள்ளையோ!"

தலைமையாசிரியர் போட்டார். அடிக்கோடும் இட்டார். பிறகுதான் பார்த்தார். "பேர் போடற இடத்துல வெறும் புள்ளி புள்ளியா இருக்கே?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் ஐயா. அது மாதிரிக் கடிதம். பதினேழு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. அதை எழுதின மாணவர்னு யாரும் கிடையாது."

வேறு குழுவாக இருந்தால் இந்த இடத்தில் குழம்பியிருக்கும். இது அனுபவம் வாய்ந்த குழு.

"சிவப்பு மையில போட்ட மார்க்கை நான் அடிச்சதே கிடையாது" என்றார் தலைமையாசிரியர்.

"நான் அழுதாச்சு" என்றார் தலைவர். "அழுததைத் திரும்ப வாங்க முடியுமா?"

"அப்ப இந்தம்மாவையே காலேஜுக்கு அனுப்பிடலாமா?" என்றார் பல் டாக்டர்.

"அனுப்பிட்டா அடுத்த வருஷம் கடிதமெல்லாம் யாரு போடறது?" என்று பொருளாளர் கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயம் எல்லாருக்கும் உடனே புரிந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "நாம தேர்ந்தெடுக்கறது நன்றியை. நன்றி கிடைச்சாச்சு. அதுக்கு ஒரு மாணவனைப் புடிக்கறது ஆபீஸ் வேலை. நீயே பாத்து ஒரு பேரைப் போட்டுடும்மா."

எழுத்தர் அம்மா பேனாவை எடுத்தார். "யார் பேரைங்க ஐயா?"

"யாரா இருந்தா என்னம்மா?"

"அப்படியே குறிப்புல எழுதிக்கட்டுங்களா?"

"தாராளமா எழுது."

அவர் எழுதினார். "தேர்வான கடிதத்துக்கு உரிய மாணவரை விதிப்படி கண்டறியும் பொறுப்பு அலுவலகத்துக்கு அளிக்கப்படுகிறது." உரக்கப் படித்துக்காட்டினார். 'விதிப்படி' என்ற சொல் கம்பீரமாக இருப்பதாகத் தலைமையாசிரியர் பாராட்டினார். நால்வரும் கையெழுத்திட்டார்கள். பிறகு விழாப் புகைப்படத்துக்கு ஒத்திகை பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள். மாணவர் நிற்கவேண்டிய இடத்தில் குடை மாட்டும் கம்பத்தை நிறுத்தி, யார் எந்தப் பக்கம் நிற்பது என்று வாதாடும் சத்தம் கேட்டது.

மணி மூன்றரை. எழுத்தர் அம்மா முறைப்படி வேலை செய்பவர். தேர்வு முடிந்த பிறகு உறையைத் திறக்கலாம் என்பது விதி. தேர்வு முடிந்துவிட்டது. எந்த உறை என்று விதியில் இல்லை. ஆகவே நாற்பத்தொன்றையும் திறந்தார். மதிப்பெண்களை இறங்குவரிசையில் எழுதினார். மறுபடி ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தார். முதல் இடத்தில் இருந்த விண்ணப்ப எண் இரண்டாவது தடவையும் மாறவில்லை. கதவைத் திறந்தார்.

"உள்ள வாம்மா."

அந்தப் பெண் எழுந்தாள். "எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்களா அக்கா?"

"உன் கடிதத்துக்கு முட்டை போட்டிருக்காங்க."

"தெரியும். சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கடைய மூடறதுக்குள்ள போனா அப்பாவுக்கு ரெண்டு சட்டைக்காவது பொத்தான் வச்சுக் குடுக்கலாம். வரேன்."

"உக்காரு. முட்டை கடிதத்துக்குத்தான்."

தட்டச்சு இயந்திரம் பத்து நிமிடம் ஓடியது. வெளியே எடுத்த தாளை அவள் நின்றபடியே படித்தாள். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"அக்கா, 'சிறந்த நன்றிக் கடிதம் எழுதியமைக்காக'ன்னு இருக்கே. நான் அப்படி எழுதலையே."

"மணி நாலாகப் போகுதும்மா."

"பொய்யா இருக்குமே அக்கா."

எழுத்தர் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். நன்றி எழுத மறுத்ததற்கு இவளுக்கு யாராவது மதிப்பெண் போட்டிருந்தால், அந்த அளவுகோலுக்கு நூறு போதாது. அந்தத் தாளைக் கிழித்தார். இன்னொரு தாளைச் சொருகினார். 'பள்ளி இறுதித் தேர்வில் பெற்ற மதிப்பெண்களின் அடிப்படையில்' என்று அடித்தார். அந்த அலுவலகத்தின் தட்டச்சு இயந்திரத்துக்கு அந்த வாக்கியம் புதிது. இரண்டு எழுத்து மாட்டிக்கொண்டது. விரலால் விடுவித்து முடித்தார்.

"இப்ப சரியா?"

"சரிக்கா."

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டார். கல்லூரி முகவரியை எழுதினார். அனுப்புகைப் பதிவேட்டில் தேதி, எண், நேரம் நான்கு பத்து, 'கையோடு' என்று பதிந்து, அவளிடம் கையெழுத்து வாங்கினார். பக்கத்து அறையில் பொருளாளர், "கம்பத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, மாமாவை மறைக்குது" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் தயங்கினாள். "விழாவுல என்னைப் பாத்ததும், இது யாருன்னு கேக்க மாட்டாங்களாக்கா?"

எழுத்தர் அம்மா உறையின் வாயில் பசை தடவி, விரல் நுனியால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்தி ஒட்டினார்.

"பதினேழு வருஷமா இந்தக் குழுவோட உக்காந்திருக்கேன். மேடையில நிக்கற புள்ள யாருன்னு அவங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்ல" என்று உறையை நீட்டினார். "ஓடு, நாலேகால் பஸ் போயிடப் போகுது."