பாலம் மூன்று நாள் திறக்காது

மூன்றாவது முறையும் ஊதல் கேட்டபோது சீட்ஸ்கே காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காவல் அறையின் ஜன்னலைத் திறந்தாள்.

கீழே கால்வாயில் ஒரு பாய்ப்படகு, பாலத்தின் மூக்குக்கு நேரே வந்து நின்றிருந்தது. கரையில் சீட்ஸ்கே தன் கையால் நட்டு, இரண்டு தடவை தட்டிப் பார்த்த பலகையும் நின்றிருந்தது: 'வியாழன் முதல் சனி வரை பழுதுபார்ப்பு. படகுகளுக்குப் பாலம் திறக்காது.' அன்று வெள்ளிக்கிழமை.

"போர்டு கண்ணுல படலையா?" என்று கத்தினாள்.

"படுதுக்கா. அதனாலதான் மூணு தடவை ஊதினேன். போர்டு இல்லேன்னா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பேன்."

பதில் சொன்ன பெண்ணை அப்போதுதான் சீட்ஸ்கே சரியாகப் பார்த்தாள். வெள்ளைக் கவுன். அதன் ஓரத்தை இடுப்பில் செருகியிருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ். தலையிலிருந்த கல்யாண வலை காற்றில் பறந்து பாய்க் கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் பூச்செண்டு.

படகு வந்தால் மேலே தூக்கி வழிவிடுகிற நைபுரன் ஊர்ப் பாலத்தில் சீட்ஸ்கேவுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு நாள் லீவு கிடையாது, ஒரு புகார் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு: கல்யாணம். அவளுடைய சொந்தக் கல்யாணம் நகராட்சி அலுவலகத்தில் கொட்டும் மழையில் பதினோரு நிமிஷத்தில் முடிந்து, கணவர் பன்னிரண்டாவது நிமிஷம் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். அதிலிருந்து எந்த ஊர் மணப்பெண்ணைப் பார்த்தாலும் சீட்ஸ்கேவுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"உன் பேர் என்னம்மா?"

"மாரிட். அக்கா, நான் எப்படியாவது அந்தப் பக்கம் போயாகணும். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

"சொந்தக்காரங்கல்லாம் எங்க?"

"சர்ச்சுல காத்திட்டிருக்காங்க."

"மாப்பிள்ளை?"

"அவரும்தான். பாவம், ரொம்ப நேரமா." மாரிட் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சீட்ஸ்கேவின் மூக்கு சிவக்கத் தொடங்கியது. "படகை இங்க கட்டிட்டு என் சைக்கிளை எடுத்துட்டுப் போயேன். நான் பாத்துக்கறேன்."

"படகில்லாம நான் எங்கேயும் போறதில்லக்கா. என் சம்பாத்தியத்துல வாங்கினது இது."

படகில் போய் இறங்கி மாப்பிள்ளை கையைப் பிடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை போலிருக்கிறது. இதைக்கூடச் செய்துகொடுக்கவில்லை என்றால் பாலம் எதற்கு, பாலக்காரி எதற்கு? சீட்ஸ்கே ஜன்னலை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

பாலத்தடியில் மிதவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பழுதுபார்க்க வந்த மேஸ்திரி வொப்பேயும் அவருடைய இரண்டு ஆட்களும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு முழுச் சர்க்கரை ரொட்டி.

"வொப்பே அண்ணா, ஒரே ஒரு தடவை தூக்கி இறக்கிடலாமா?"

வொப்பே ரொட்டியை மென்றபடியே பக்கத்தில் துணி விரித்துப் படுக்க வைத்திருந்த இரும்பு அச்சைக் காட்டினார். குழந்தையின் தொடை அளவு இருந்தது. "புது அச்சு. பழசைக் கழட்டியாச்சு. இப்பத் தூக்கினா பாலம் மேல போகும். ஆனா எந்தப் பக்கம் இறங்கும்னு எனக்கே தெரியாது."

சீட்ஸ்கே மேலதிகாரி தௌவேவுக்கு போன் போட்டாள்.

"ராஜாவே வந்தாலும் தூக்கக் கூடாது" என்றார் அவர்.

"தூக்கத்தான் கூடாது. கீழ நுழைஞ்சு போனா பரவாயில்லையா சார்?"

"உயரம் பத்துமா? பத்தினா வாத்து போகட்டும், மீன் போகட்டும், யார் வேணா போகட்டும். என்னை விடு, மீட்டிங்ல இருக்கேன்."

உத்தரவு கிடைத்துவிட்டது. மாரிட் கப்பியைச் சுழற்றிப் பாய்மரத்தை மடக்கிப் படுக்கவைத்தாள். பிறகு படகை மெல்ல முன்னால் விட்டாள். 'டொக்' என்று படகறையின் கூரை பாலத்தின் உத்தரத்தில் முட்டி நின்றது.

வொப்பே குனிந்து அளந்தார். "நாலு விரல் இடிக்குது."

"நாலே விரல்தானே?" என்றாள் சீட்ஸ்கே.

"நாலு விரல்னாலும் இரும்பு இரும்புதான்மா."

பாலத்துக்கு மேலே இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கறிக்கடை யோரிட் கைப்பிடியில் சாய்ந்திருந்தான். அவன் சாய்ந்ததில் கைப்பிடி லேசாக முனகியது. அவனைப் பார்த்ததும் சீட்ஸ்கேவுக்கு யோசனை உதித்தது.

"யோரிட், நீ என்ன எடை?"

"எதுக்குக் கேக்கற?" என்றான் யோரிட் சந்தேகமாக. "வீட்ல சொன்னாளா?"

"படகுல ஏறு. படகு கொஞ்சம் தாழணும்."

யோரிட் ஏறினான். படகு அரை விரல் தாழ்ந்தது. ஊரே கைதட்டியது. இன்னும் மூன்றரை விரல். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் ஊர் பேண்டு வாத்தியக் குழு திருவிழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சீட்ஸ்கே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"கல்யாணப் பொண்ணு மாட்டிக்கிட்டா. எல்லாரும் வாங்க. வாத்தியத்தோட வாங்க, பித்தளைக்கு எடை அதிகம்."

பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெரிய டிரம்முக்கு வழி விடுவதற்காக இரண்டு பேர் படகறையின் உள்ளே படுத்துக்கொண்டார்கள். ஊதுகுழல்களிலேயே மிகப் பெரியதான டூபாவை வாசிக்கும் ஹில்லே அம்மாள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு முன்மூக்கில் உட்கார்ந்தார். படகு தாழ்ந்தது. மாரிட் எஞ்சினை உசுப்பினாள். கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளியில் படகு பாலத்தடியில் புகுந்தது.

"கல்யாணம்னா பாட்டு வேண்டாமா?" என்றார் ஹில்லே அம்மாள். பாலத்தடியில் பேண்டு வாசித்தால் எப்படி இருக்கும் என்று அந்த ஊரில் அதுவரை யாருக்கும் தெரியாது. சத்தம் தாங்காமல் வாத்துகள் கரையேறி நடந்து போயின. மாரிட் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான மணப்பெண்ணை சீட்ஸ்கே பார்த்ததே இல்லை.

பாதி தூரம் வந்ததும் படகு வொப்பேயின் மிதவையை உரசிக்கொண்டு நகர்ந்தது. யோரிட்டின் மூக்குக்கு எதிரே சர்க்கரை ரொட்டி. மனுஷன் யோசிக்கவே இல்லை. ஒரு கால் எடுத்து வைத்து மிதவைக்குத் தாவினான்.

படகு மூச்சு விட்ட மாதிரி எழும்பியது. மேலே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். பாலத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கி ஒன்று கூரைப் பலகைக்குள் இறங்கிப் பூட்டிக்கொண்டது. அச்சில்லாத பாலம், படகோடு சேர்ந்து மெதுவாக மேலே எழுந்தது.

பேண்டு நின்றது.

"யாரும் அசையாதீங்க" என்றார் வொப்பே, மிகவும் தணிந்த குரலில்.

சீட்ஸ்கேவின் போன் அடித்தது. தௌவே. "சீட்ஸ்கே, என் கம்ப்யூட்டர்ல நைபுரன் பாலம் திறந்திருக்குன்னு சிவப்பு விளக்கு எரியுது."

"ரெண்டு விரல்தான் சார்."

"ரெண்டு விரல் திறக்கறதுன்னா என்ன?"

"பாட்டு சத்தத்துல சரியாக் கேக்கல சார்" என்று சொல்லி, ஹில்லே அம்மாளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்த அம்மாளும் புரிந்துகொண்டு டூபாவில் ஒரு நீளமான ஊது ஊதினார். போன் அணைந்தது.

யோரிட்டை ரொட்டியோடு திரும்ப ஏற்றினார்கள். கொக்கி விடவில்லை. இன்னும் எடை வேண்டும். வொப்பே தலையில் அடித்துக்கொண்டே தன் இரண்டு ஆட்களோடு ஏறினார். கொக்கி விடவில்லை. எல்லோரும் சீட்ஸ்கேவைப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாகப் படகுகளை அனுப்பி வைத்தவள், ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை. தண்ணீர் ஆடுவதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு ஆடும். "எண்பத்திநாலு கிலோ" என்று, கணவரிடம்கூடச் சொல்லாத ரகசியத்தை ஊருக்கே அறிவித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

கொக்கி லேசாக முனகியது. அவ்வளவுதான்.

மாரிட் மறுபடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "அக்கா, மணி ரெண்டாகப் போகுது."

"உன்னை அனுப்பாம நான் இறங்கமாட்டேன் கண்ணு" என்றாள் சீட்ஸ்கே, கண்ணைத் திறக்காமலே. "வொப்பே அண்ணா, உங்க பம்பு எதுக்கு இருக்கு?"

"மிதவைக்குள்ள வர்ற தண்ணிய வெளியில எடுக்க."

"அதைத் திருப்பி வைங்க. படகுக்குள்ள தண்ணிய விடுங்க."

வொப்பே மணப்பெண்ணைப் பார்த்தார். "உன் படகும்மா. முழுகினா என்னைக் கேக்கக் கூடாது."

"விடுங்க அண்ணா" என்றாள் மாரிட். கவுனை இன்னும் ஒரு சுற்று மேலே செருகிக்கொண்டாள்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. படகறைக்குள் படுத்திருந்த இருவரும் இருமிக்கொண்டே எழுந்து வந்தார்கள். படகு அங்குலம் அங்குலமாகத் தாழ்ந்தது. திடீரென்று கொக்கி 'டக்' என்று விட்டது. படகு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. பின்னால் பாலம் 'டமார்' என்று பழைய இடத்தில் உட்கார்ந்தது. அந்த அதிர்ச்சியில் மிதவை குலுங்கியது. துணி விரித்துப் படுக்க வைத்திருந்த புது அச்சு, ஒரு தடவை புரண்டு, 'ப்ளக்' என்று கால்வாய்க்குள் போய்விட்டது.

வொப்பே தொப்பியைக் கழற்றினார்.

"எடுத்துடலாமா அண்ணா?" என்றாள் சீட்ஸ்கே.

"அடியில சேறு மட்டும் ஆறு அடி. வேற செய்யச் சொல்லணும். மூணு வாரம்."

ஆனால் துக்கப்பட நேரமில்லை. படகு மூழ்கிக்கொண்டிருந்தது. டிரம்மைக் கிழித்து வாளி ஆக்கினார்கள். ஹில்லே அம்மாள் டூபாவின் வாயால் தண்ணீரை மொண்டு மொண்டு கவிழ்த்தார். ஒவ்வொரு தடவையும் அது பெரிய எருமை கொட்டாவி விடுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. யோரிட் ரொட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் மொண்டான். யார் சிரிக்க ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வொப்பே உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சீட்ஸ்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வயிறு ஆடுவதை மறந்தே போனாள்.

தண்ணீர் வடிந்ததும் மாரிட் கரையோர நாணல் புதரில் எல்லோரையும் இறக்கிவிட்டாள். கடைசியாக இறங்கிய சீட்ஸ்கேவை இழுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "அக்கா, நீங்க எனக்கு என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது." பூச்செண்டை அவள் கையில் திணித்தாள்.

"நல்லா இரு கண்ணு. நேரா மாப்பிள்ளைகிட்ட போ."

மாரிட் என்னவோ சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பாய்மரம் எழுந்தது. காற்று வாங்கிக்கொண்டு படகு ஏரிப் பக்கம் பறந்தது. பேண்டு, மிச்சமிருந்த வாத்தியங்களை வைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வழியனுப்புப் பாட்டை வாசித்தது.

போன் அடித்தது. சீட்ஸ்கே இந்த முறை நிமிர்ந்து நின்று எடுத்தாள்.

"மூணு நாள் இல்ல சார், மூணு வாரம் ஆகும். அச்சு தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஆமா சார், என்னாலதான். ஒரு பொண்ணோட கல்யாணத்துக்காகப் பண்ணினேன். சம்பளத்தைப் பிடிச்சாலும் சரி, சீட்டைக் கிழிச்சாலும் சரி. நாளைக்கு இதே மாதிரி ஒரு பொண்ணு வந்தாலும் இதையேதான் பண்ணுவேன்."

நாணல் புதரில் நின்ற ஈரக் கூட்டம் கைதட்டியது. யோரிட் மூக்கைச் சிந்தினான். சீட்ஸ்கே பலகையிடம் போய், 'சனி வரை' என்பதை அடித்துவிட்டு, மூன்று வாரம் தள்ளி ஒரு தேதியை எழுதினாள். வாழ்க்கையில் இவ்வளவு நிறைவோடு அவள் எதையும் எழுதியதில்லை.

அப்போது மாரிட் வந்த திசையிலிருந்து, கரைச் சாலையில், ஒரு சைக்கிள் மூச்சிரைக்க வந்து நின்றது. கறுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர். கோட்டில் ஒரு வெள்ளைப் பூ குத்தியிருந்தார்.

"இந்தப் பக்கமா ஒரு படகு போச்சா? வெள்ளைக் கவுன்ல ஒரு பொண்ணு?"

"கல்யாணத்துக்கு வந்தவரா? கவலையே படாதீங்க" என்றாள் சீட்ஸ்கே, பூச்செண்டை மார்போடு அணைத்துக்கொண்டு. "நாங்க பதினேழு பேர் சேந்து தள்ளி விட்டிருக்கோம். இந்நேரம் சர்ச்சுக்குப் போய்ச் சேந்திருப்பா."

அந்த மனிதர் பூச்செண்டைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். பிறகு சைக்கிளிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"நான் அந்தச் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவன்மா. பொண்ணு உள்ள வர்ற பாட்டைப் பன்னிரண்டு மணிலேருந்து விடாம வாசிச்சிட்டிருந்தேன். சர்ச்சு இருக்கறது அவ கிளம்பி வந்த ஊர்ல."