புகையில்லாத சாத்தே

முதல் குச்சி நெருப்புக்குள் விழுந்தபோது வீரமுத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்ததும் விழுந்தபோது குச்சியைத் திட்டினார். வரிசையாக நாலைந்து சரிந்த பிறகுதான் குற்றம் குச்சியில் இல்லை, அடுப்பில் என்று தெரிந்தது.

அடுப்பு அவரே செய்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தை இரவல் கத்தரியால் வெட்டி, ஓரங்களைச் சுத்தியலால் மடித்து, விரலில் ரெண்டு இடத்தில் துணி சுற்றிக்கொண்டு செய்து முடித்திருந்தார். குச்சியில் கறியைக் குத்திச் சுடுகிற சாத்தேவுக்கு அடுப்பு குறுகலாக இருக்கவேண்டும். குச்சியின் ரெண்டு முனையும் ரெண்டு ஓரத்தில் தங்க, நடுவில் இருக்கும் கறி மட்டும் தணலுக்கு மேலே நிற்கவேண்டும். வீரமுத்துவின் அடுப்பில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். எந்த ரயில் எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்று ஜொகூர் பாரு ஸ்டேஷனில் இத்தனை வருஷமாகப் பிசகாமல் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் அவர். ஒரு ஈர்க்குச்சியின் நீளத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

"அண்ணே, இலை போட்டாச்சு. சோறு ஆறுது. உச்சி தாண்டினா படையல் படையலா இருக்காது" என்றாள் உள்ளிருந்து தனலெட்சுமி. அவருடைய தங்கை. உலு திராம் தோட்டத்திலிருந்து இதற்காகவே வந்திருந்தாள்.

அன்று அவர் மனைவி கிருஷ்ணம்மாவின் முதல் வருஷப் படையல். செத்துப்போனவருக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதை இலையில் வைக்கவேண்டும். கிருஷ்ணம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் யோசிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். சாத்தே.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கடலோரத்தில் வாக் சாலே என்கிற ஜாவாக்காரர் சாத்தே சுடுகிற இடத்துக்குப் போய், ஒரு முக்காலியில் உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவாள். சேலையெல்லாம் புகை நாற்றம், கண்ணெல்லாம் சிவப்பு. "அந்தாளு கரி என்னத்த வாங்குறாரோ" என்பார் வீரமுத்து. ஒருமுறை தானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டியபோது, புகை உங்களுக்கு ஆகாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஊர் இதைச் சும்மா விடவில்லை. ஏனென்றால் இந்தச் சாத்தே ஆசை வந்தது ஒரு கெட்ட நேரத்துக்கு அப்புறம். அவர்களுக்கு ஒரே மகள், புஷ்பவள்ளி. ஏழு வயசில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இடுகாட்டிலேயே வீரமுத்து விழுந்துவிட்டார். பிறகு பாயைவிட்டு எழவில்லை, சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. அவரை உட்காரவைத்து ஊட்டி, நடக்கவைத்து, மறுபடி கையில் கொடியைக் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பியவள் கிருஷ்ணம்மாதான். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரை யாரும் பார்க்கவில்லை. கல் நெஞ்சு என்றார்கள் சிலர். அதே பெண் கொஞ்ச நாளில் வாரம் தவறாமல் சாத்தே தின்னப் போனதும், மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

வீரமுத்து அப்படி நினைத்ததில்லை. ஆனால் அவள் தன்னைப்போல் மகளை நினைக்கவில்லையோ என்று மட்டும் எப்போதாவது தோன்றும். கேட்டதில்லை. கேட்கிறதுக்குள் அவளையும் ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

உயிரோடு இருக்கும்போது அவள் தன்னிடம் எதையும் கேட்டதில்லை என்பது, அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆகவே இந்தச் சாத்தேயாவது தன் கையால் இருக்கவேண்டும். அதுவும் கண் எரியாத சாத்தே. வாக் சாலேயிடம் வாங்கலாம்தான். ஆனால் அவருக்கு ரம்ஜான் நோன்பு மாதம். பட்டினி கிடக்கிற மனுஷனைப் பட்டப்பகலில் நெருப்பு முன்னால் உட்காரச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

இப்போது பாதிக் குச்சிகள் தகரத்துக்குள் கிடந்தன. எரிந்தது ரப்பர் மர விறகு. அது கறியைச் சுடவில்லை. போர்வை போர்த்தியதுபோல் புகையால் மூடியிருந்தது. வீரமுத்து சமையல்கட்டுக்குப் போய், சாப்பாட்டு அலமாரிக் கதவிலிருந்த கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு வந்து அடுப்பின்மேல் போட்டார். இனி குச்சி விழாது. உண்மைதான், விழவில்லை. ஆனால் வலைக்குப் பூசியிருந்த பச்சைப் பெயிண்ட் உருகிக் கறியில் ஒட்டியது. அலமாரிக்குள்ளிருந்த வடைகளை எறும்பும் ஈயும் வந்து விசாரித்தன.

பக்கத்து வீட்டுச் செல்லப்பன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். நெருப்பைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் அவனுக்குப் பொறுக்காது.

"விறகுல போய்ச் சுடுவாங்களாண்ணே? கரி வேணும் கரி. இருங்க" என்றான்.

ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தான். எஞ்சின் கரி. சிங்கப்பூர் மெயிலையே இழுக்கிற கரி ஒரு கோழியைச் சுடாதா என்பது அவன் கட்சி. அது பற்றிக்கொள்ள மறுத்தபோது மண்ணெண்ணெயை ஊற்றினான். பற்றியது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு புகை எழும்பி, லயத்தின் கூரைக்கு மேலே போய் நின்று யோசித்து, பிறகு கீழே இறங்கி வந்தது. கந்தகமும் எண்ணெயும் கலந்த நாற்றம். படையல் சோற்றுக்காகக் காத்திருந்த காக்கைகள் கூட்டமாகக் கிளம்பிச் சிங்கப்பூர்ப் பாலத்தின் பக்கம் பறந்தன.

புகை போன வழியில் காளியப்பனின் துணிக்கொடி இருந்தது. வெளுப்புக்காரர். ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் அதில் காய்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு காளியப்பன் வந்து நின்றார். அது இனி எஞ்சின் ஓட்டுகிறவருக்குத்தான் ஆகும். வாயைத் திறக்கப் போனவர் உள்ளே இலையையும், மாலை போட்ட படத்தையும் பார்த்தார். சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கிருஷ்ணம்மாவுக்கா? அதைச் சொல்லியிருக்கலாமே தம்பி."

இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற கொட்டாங்கச்சிக் கரி தன்னிடம் இருக்கிறது, புகையே வராது, என்று சொல்லிப் போய் எடுத்துவந்தார். நல்ல கரி. முதல் தடவையாகத் தணல் சிவந்தது, கண் எரியவில்லை. வீரமுத்துவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் இஸ்திரிப் பெட்டி நிறையும் கரி இந்தத் தொட்டியின் ஒரு மூலையைத்தான் நிரப்பியது. மீதிக்கு என்ன செய்வது என்று மூன்று பேரும் யோசித்து, கரி கொட்டாங்கச்சியில் வருகிறதென்றால் கொட்டாங்கச்சியையே போடலாமே என்று முடிவு செய்தார்கள். நாரோடு இருந்ததை அப்படியே போட்டார்கள்.

வீரமுத்து விசிற, செல்லப்பன் ஊத, பொறி பறந்தது. ஒரு பொறி கோழிக்கூட்டின் அத்தாப்பு ஓலைக் கூரையில் போய் உட்கார்ந்தது. காளியப்பன்தான் முதலில் பார்த்தார். செல்லப்பன் தொழில் தெரிந்தவன். நெருப்பு என்றதும் வாளியைத் தூக்கினான். ஒரு வாளியைக் கூரைமேல் எறிந்தான். இன்னொன்றைப் பழக்க தோஷத்தில் அடுப்பில் ஊற்றினான்.

எழும்பிய புகையில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. லயத்து ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். துக்கத்துக்கு வராதவர்கள்கூட அன்று கிருஷ்ணம்மாவின் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார்கள்.

தனலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தண்ணீரில் ஊறிக்கிடந்த கறியைப் பார்த்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது.

"பெத்த புள்ளய மண்ணுல வச்சிட்டு, வாரா வாரம் சாத்தே திங்கப் போனவ. அவளுக்கா இந்தப் பாடு படுறீங்க?"

காளியப்பன் தலையைத் திருப்பிக்கொண்டார். செல்லப்பன் காலி வாளியைக் கீழே வைத்தான். வீரமுத்து கோபப்படவில்லை. தகரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார்.

"எனக்கு வாயில சோறு ஊட்டுனவ தனம். அவளுக்கு ஒரு வாய் குடுக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

தனலெட்சுமி உள்ளே போய், மிச்சமிருந்த கறியை எடுத்துவந்து குச்சியில் குத்த ஆரம்பித்தாள்.

காளியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார். திரும்பும்போது அவருடைய சைக்கிளின் பின்னால் ஒரு சிறு மூட்டையோடு வாக் சாலே உட்கார்ந்திருந்தார். வயசானவர். நோன்பில் உதடு வெளுத்திருந்தது. படத்துக்கு முன்னால் போய்ச் சற்று நேரம் கைகளைக் கோத்து நின்றுவிட்டு வெளியே வந்தார். லயத்தின் ஓரத்திலேயே குடியிருந்து பழகியதால் அவருக்குத் தமிழ் நன்றாக வரும். வீரமுத்துவின் அடுப்பை ஒருமுறை சுற்றிவந்தார். சிரிக்கக்கூடாது என்று முயற்சி செய்தது தெரிந்தது. தகரத்தை ஒதுக்கிவிட்டு ரெண்டு செங்கல் வரிசையை ஈர்க்குச்சி அளவுக்கு நெருக்கி வைத்தார். மூட்டையிலிருந்து கரியை எடுத்தார். சதுப்புநிலத்துப் பாக்காவ் மரத்தின் கரி. ஒன்றோடொன்று தட்டியபோது வெண்கலம்போல் ஓசை கேட்டது. மெதுவாகப் பற்றியது, பிறகு ஆடாமல் அசையாமல் சிவந்து நின்றது. குச்சிகளை அடுக்கி, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவி, விசிறியை லேசாக அசைத்தார். உப்புப் பார்க்க மட்டும் செல்லப்பனைக் கூப்பிட்டார்.

கறி பொன்னிறமாக வெந்தது. ஒரு இழை புகைகூட இல்லை. விலகிப் போயிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

தனலெட்சுமி சாத்தேயை இலையில் வைத்தாள். உச்சி தாண்டிவிட்டது, யாரும் அதைச் சொல்லவில்லை. வீரமுத்து விழுந்து கும்பிட்டு எழுந்து, வாசலில் கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வந்தார். மனசில் இருந்த வேறொன்று முந்திக்கொண்டது.

"இவ்வளவு நல்ல கரி வச்சிருக்கீங்களே வாக். அப்புறம் ஏன் என் பொஞ்சாதி வாராவாரம் கண்ணு செவந்து வீட்டுக்கு வந்தா?"

 வாக் சாலே அணைந்த கரியை ஒவ்வொன்றாக எடுத்து மூட்டையில் வைத்தார். கதவோரம் தனலெட்சுமி வந்து நின்றாள்.

"என் கரி எப்பவும் இதுதான் தம்பி" என்றார். "உன் வீட்டம்மா ஒரு குச்சிகூட வாயில வச்சது கிடையாது. வாங்கினத எல்லாம் ரிக்ஷாக்காரங்களுக்குக் குடுத்துடுவாங்க."

"அப்ப எதுக்கு அங்க வந்தா?" என்றார் வீரமுத்து.

"ஒரு ஈர மட்டையப் போட்டு நல்லாப் புகைய விடுங்க வாக், வீட்டுல அழுதா எங்க வீட்டுக்காரரு தாங்கமாட்டாருன்னு சொல்லி, அந்தப் புகைக்குப் பின்னால உட்கார்ந்து மகளுக்காக அழுதுட்டுப் போவாங்க."