இரண்டே சீட்டு, அதிலும் ஒன்றைக் கழற்றிவிட்டாள்

ஓசூர்

நாசரேத்தில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் வெஸ்லின் அவர்களுக்கு, யேசுராஜ் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் தங்கை ஜெபசீலியும் நலம். டெல்சியும் நலம்தான், அந்த நலம் எத்தனை நாளைக்கு என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஹாலில் பேசினால் சமையலறைக்குக் கேட்கிறது, மொட்டை மாடிக்குப் போனால் "யார்கிட்ட ரகசியம் பேசுறீங்க" என்று உங்கள் தங்கை பின்னாலேயே ஏறி வருகிறாள். ஆகவே தபால் ஆபீசில் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகள் டெல்சி போச்சம்பள்ளிக் கம்பெனியில் வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் சோதிக்கும் பிரிவில் ஐந்து வருஷமாக இன்ஜினியர் என்பது உங்களுக்குத் தெரியும். கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டு, ஐந்து பேர் உட்காரும் கார், ஆறு பேர் உட்காரும் கார் என்று ஷோரூம் ஷோரூமாகப் போய் வழவழப்பான தாள்களாக வாங்கி அடுக்கி வைத்தேன். அவள் ஒன்றையும் புரட்டவில்லை. "அப்பா, எனக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேணும். இருக்கறதுலயே லேசானதா" என்றாள். "லேசா இருந்தா காத்துல பறந்துராதா?" என்றாள் உங்கள் தங்கை. அதற்கு அவள், "கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி தூக்கிட்டு வர்றவர் மூலையில திரும்பறதையும், அப்பளக் கூடை வச்சிருக்கறவர் திரும்பறதையும் பாத்திருக்கீங்கல்ல? நான் கேக்கறது அப்பளக் கூடை" என்கிறாள். அதுவும் ரோட்டில் ஓட்ட இல்லையாம், கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்கில் சுற்றுவதற்காம், அங்கே வரைக்கும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகவேண்டுமாம். "ஓட்டிட்டுப் போக முடியாத காரு எதுக்குடி?" என்று ஜெபசீலி தோசைக் கரண்டியோடு வந்து கேட்டாள். அப்போதுதான் மச்சான், பிள்ளை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சு வருஷமா டெஸ்ட் வண்டிய ஆம்பளைங்க ஓட்றாங்க, நான் லேப்டாப்புல கிராஃப் கோடு பாக்கறேன். 'வளைவுல பின்பக்கம் இழுக்குது மேடம்'னு வந்து சொல்றாங்க. எப்படி இழுக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" "சரி, நானும் கூட வர்றேன்" என்றேன். தடுக்கத்தான் போனேன், சத்தியமாகத் தடுக்கத்தான்.

முதலில் பாகலூர் ரோட்டில் பழைய கார் விற்கும் கிருஷ்ணப்பனிடம் போனோம். அவர் ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கு வழியாகத் தமிழில் கொண்டுவந்து இறக்குகிறவர். "ஒந்து சல நோடி, ஒக சாரி சூடண்டி, ஒரு தபா ஓட்டிப் பாரு சார், போற வேகத்துக்குக் கேமரா வெச்சிப் பிடிச்சாலும் ஆப்புடாது" என்றார். சிவப்புக் கார் மச்சான், தரையோடு தரையாக, முதுகில் ஒரு ரெக்கை, பார்த்த உடனே என் மனசு போயிட்டுது. முப்பத்தோரு வருஷம் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான், என் கண்ணுக்குத் தப்பு தெரியாதா என்று ஒரு சுற்று சுற்றி வந்து "முதல் தரம்" என்று சர்டிபிகேட்டும் கொடுத்துட்டேன். டெல்சி பேசாமல் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தாள். கீழே விழுந்தது. பின் பக்கம் வைத்தாள், விழுந்தது. "தகரமே இல்ல, பூரா புட்டி, ஒடுக்கு தெரியாம அடைக்கற பசை. எங்கேயோ நல்லா அடிபட்ட வண்டி" என்றாள். கிருஷ்ணப்பன் அசரவில்லை. "ஐயோ, காந்தத்துக்கே கனம் தெரியலன்னா எவ்ளோ லேசு பாரும்மா!" என்றார். நான் சிரித்துவிட்டேன், என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் உடனே நிறுத்தியும் விட்டேன்.

அடுத்தது கல்லாவி. அங்கே முனிலட்சுமி என்ற அம்மாவிடம் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, கூரையை மடக்கிவிடுகிற பழைய கார் ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்லி, பல வருஷமாக ஓடாத வண்டி என்பதால் பெட்ரோல் கேனும் பாட்டரியும் மடியில் வைத்துக்கொண்டு டெல்சியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனேன். மாந்தோப்பு ஓரத்தில் தகரக் கொட்டகை, உள்ளே கார், கார் உள்ளே நாலு கோழி. இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நானே காந்தத்தை வாங்கிப் போய் வைத்தேன், டபக்கென்று விழுந்தது. "புட்டி! இதுவும் புட்டி!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். "அப்பா, இது ஃபைபர் பாடி. காந்தம் ஒட்டாது. அந்த லேசுக்காகத்தான் வந்தோம்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு சுடிதாரோடு காருக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு இரும்பாகக் குத்திப் பார்த்தாள். ஒரே இடத்தில் துரு, வெல்டு வைத்துவிடலாம் என்று எழுந்து வந்தாள், தலையெல்லாம் கோழி இறகு.

முனிலட்சுமி அம்மா அதில் ஓர் இறகை எடுத்துப் போட்டார். "எதுக்கும்மா கேக்கற? ஓட்டறதுக்கா, நிறுத்தி வச்சிப் பாக்கறதுக்கா?" என்றார். ஓட்டத்தான் என்றதும், "எங்க வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் பக்கத்துல உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போவாரு. ஸ்டீயரிங்க ஒரு நாளும் தொட வுடல. அவரு போன பொறவு நான் டிராக்டர் ஓட்டறன், லோடு வண்டி ஓட்டறன், இத மட்டும் கை வெக்க மனசு வரல. ஒரு ரவுண்டு நான் ஓட்டிட்டுத் தரன். சரின்னா எடுத்துக்க" என்றார். டெல்சிக்குக் கண் கலங்கிப் போச்சு. சாவியை அவர் கையிலேயே வச்சு, "அப்பா, நீங்க கூட உக்காருங்க" என்றாள். என்னையா! தொண்ணூத்தி நாலு கிலோ உடம்பு மச்சான், உள்ளே இறங்கறதுக்கே ரெண்டு பேர் தள்ள வேண்டியிருந்துது, முழங்கால் ரெண்டும் தாடையில முட்டுது, அந்தம்மா ஆக்ஸிலேட்டர டிராக்டர மிதிக்கற மாதிரி மிதிச்சாங்க பாருங்க, மாமரமெல்லாம் பின்னாடி ஓடுது, மடக்குக் கூரை பிச்சிக்கிட்டுப் படபடங்குது, இறங்க மறந்த கோழி ஒண்ணு சீட்டுக்குப் பின்னாலருந்து என் தோள்ல ஏறிக் கத்துது, நான் இருபத்திமூணாம் சங்கீதத்த ஆரம்பிச்சு "மரண இருளின் பள்ளத்தாக்கு"ங்கறதுக்குள்ள தோப்பு ஒரு சுத்து முடிஞ்சி போச்சு. ஒரு சுத்துன்னு சொன்னவங்க மூணு சுத்து சுத்துனாங்க. நிறுத்திட்டு ஸ்டீயரிங் மேலயே நெத்திய வச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், உசுரோட இருந்ததுக்கு.

இப்போது அந்தக் கார் எங்கள் வாசலில் நிற்கிறது. பாதிக் காராக நிற்கிறது. லேசாக்குகிறேன் என்று ஏ.சி.யைக் கழற்றினாள், தரை விரிப்பைக் கழற்றினாள், பக்கத்துச் சீட்டையும் கழற்றி ஹாலில் போட்டுவிட்டாள், அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வேறு கட்டுகிறாள். "இது மட்டும் கனமில்லையா?" என்று கேட்டால், "உசுரக் காப்பாத்தறத கழட்டறதுக்குப் பேர் லேசாக்கறது இல்லப்பா" என்கிறாள். வளைவில் புரண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கமில்லை மச்சான். நீங்கள் தாய்மாமா, உங்கள் பேச்சுக்கு மரியாதை உண்டு. உடனே டெல்சிக்குப் போன் போட்டு, இதை விற்றுவிட்டு நாலு கதவுள்ள கார் வாங்கு என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லவேண்டாம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
கவலையுடன்,
யேசுராஜ்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படாமல் மூன்று மாதம் என் பைபிளுக்குள்ளேயே இருந்துவிட்டது. போன சனிக்கிழமை கோயம்புத்தூர் போனோம். பதினேழு கார் ஓடியதில் டெல்சி பதினொன்றாவது. கல்லாவியிலிருந்து முனிலட்சுமி அம்மா பஸ் பிடித்து வந்து, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து போனார்கள். பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்து, "அப்பா, இழுக்குதுப்பா! பின்பக்கம் உண்மையாவே இழுக்குது!" என்றாள். அதனால் மச்சான், டெல்சிக்குப் போன் போடவேண்டாம். உங்கள் தங்கைக்குப் போட்டு, கொஞ்சம் சமாதானம் சொல்லிவையுங்கள். கிருஷ்ணப்பனிடம் இன்னொரு சின்ன வண்டி வந்திருக்கிறது, காந்தம் நன்றாக ஒட்டுகிறது. எனக்கு.