பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும்

"எல்லா வண்டியையும் ரிவர்ஸ்லதான் கப்பலுக்குள்ள ஏத்தணுமாம்" என்று மனைவி போனைப் பார்த்துப் படித்ததும், கண்ணாடிக்கடைக்காரருக்குக் காபி மூக்கில் ஏறியது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சூடு."

காபி ஆறி அரை மணி நேரமாகியிருந்தது.

காரிலேயே ஒரு சுற்றுலா: மூன்று நாடு, நடுவில் ஒரு கடல். அவர் கார் ஒன்று, மனைவியின் தம்பி கார் ஒன்று. திட்டம் போட்டதெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர்தான். எந்த எல்லையில் என்ன கேட்பார்கள், எந்த ஊரில் இராத் தங்குவது என்று எல்லாவற்றையும் யோசித்த மனுஷன், கப்பலுக்குள் கார் எப்படிப் போகும் என்பதை மட்டும் கோட்டை விட்டிருந்தார்.

ஊருக்கே பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவருக்குப் பின்னால் பார்த்து வண்டி ஓட்ட வராது. கொஞ்சம் வரும், சுமாராக வரும் என்ற பேச்சே இல்லை, சுத்தமாக வராது. லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். டெஸ்ட் எடுத்த அதிகாரிக்கு அன்று வயிற்றுவலி, முன்னால் ஓட்டிக் காட்டியதோடு இறங்கி ஓடிவிட்டார்.

கார் வாங்கிய முதல் நாளே குடியிருப்பின் சந்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் விழித்தார். வாட்ச்மேன் கையில் சாவியைத் திணித்து, "திருப்பி நிறுத்திடுங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். காலையில் கார் தெருவைப் பார்த்து நின்றது. அன்றிலிருந்து தினமும் அதே ஏற்பாடுதான். வெளியிடங்களில் அரை மைல் தள்ளிக் காலி மைதானத்தில் நிறுத்திவிட்டு, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பார்.

இத்தனைக்கும் மைத்துனன் ஒருமுறை கம்பத்தில் இடித்தபோது, "ரிவர்ஸ்ங்கிறது ஒரு கலை மாப்ள" என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தவர் இவர். வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா?

"கப்பல் வேணாம், தரைவழியா சுத்திப் போலாம்" என்றார் மறுநாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

மைத்துனன் குதித்தான். "சூப்பர் அத்தான்! அது மலைப்பாதை. ஒரு வண்டிதான் போகுமாம். எதிர்ல லாரி வந்தா வளைவெல்லாம் தாண்டி ரிவர்ஸ்லயே இறங்கணுமாம்!"

"கப்பலே இருக்கட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அடுத்து, ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். கியர் பழுது என்றால் கப்பல்காரர்களே தள்ளி ஏற்றிக்கொள்வார்கள் என்று கணக்கு. மனைவி உடனே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள்.

"அப்படியே கிளட்சையும் பாத்துடுங்க, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றாள் அவள்.

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். "உனக்குக் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியுமாடி?"

"எனக்கென்ன தெரியும், சும்மா சொன்னேன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "கியர் வெண்ணெய் மாதிரி விழுது சார். கிளட்சுதான் கொஞ்சம் டைட்டு. சரி பண்ணிட்டேன்."

"அப்ப அத்தானுக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு" என்று மைத்துனன் கண்ணடித்தான். "ஞாயித்துக்கிழமை ஒரு ஒத்திகை பாத்துடுவோம்."

ஞாயிறு வந்தது. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை வாசலில் வைத்து, "இதுதான் கப்பல் கதவு" என்றான் மைத்துனன். மாடி வராந்தாக்களில் தலைகள் முளைத்தன. அவரிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் அதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் போட்டுக்கொடுத்த பவரில் அவர் மானம் போவது நன்றாகவே தெரியும்.

"வெயில்ல எதுக்குடா இதெல்லாம்? விடு, உள்ள வாங்க" என்றாள் மனைவி. யாரும் கேட்கவில்லை.

கார் பின்னால் கிளம்பியது. முதல் வாளி நசுங்கியது. பதறி இந்தப் பக்கம் திருப்பினார், இரண்டாவதும் நசுங்கியது. மூன்றாவதாக ஒரு பூந்தொட்டி, அது ஆட்டத்திலேயே இல்லை. மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

இறங்கினார். காது மடலெல்லாம் கொதித்தது. பூமி பிளந்து இழுத்துக்கொண்டால் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

"கழுத்துப் பிடிப்பு" என்றார் ஈனசுரத்தில்.

"என்ன அத்தான் இது? அப்ப தினமும் இந்தச் சந்துல வண்டியத் திருப்பி நிறுத்துறது யாரு?"

பொய்க்கு இனிப் போக இடமில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். இவளிடம் இத்தனை வருஷம் பெரிய டிரைவர் மாதிரி நடித்தோமே என்று நினைத்தார். ஊர் சிரித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"நான் இல்லப்பா" என்றார். "எனக்கு ரிவர்ஸ் வராது. என்னிக்குமே வந்ததில்ல. உன்னக் கிண்டல் பண்ணதுக்கு என்ன மன்னிச்சிடு. வண்டியத் திருப்புறதெல்லாம் நம்ம வாட்ச்மேன்தான்."

மனைவி தரையைப் பார்த்தாள். மைத்துனனுக்கே பாவமாகிவிட்டது. சாவியை எடுத்து, கேட் பக்கம் வேடிக்கை பார்த்து நின்ற வாட்ச்மேனிடம் நீட்டினான்.

"அவ்வளவுதானே! அண்ணே, நீங்களும் எங்களோட கப்பல் வரைக்கும் வந்துடுங்க. எங்க, ஒரு தடவை ஏத்திக் காட்டுங்க பாப்போம்."

வாட்ச்மேன் சாவியைத் தொடாமல் நாலடி பின்னால் போனார். எல்லாரையும்விட அவர்தான் சரியாக ரிவர்ஸ் போனார்.

"ஐயோ தம்பி, எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது! சாருக்குத் தெரிஞ்சா கூச்சப்படுவாரு, சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாங்க... முதல் நாள்லேர்ந்து சாவிய வாங்கிட்டுப் போய் வண்டியத் திருப்புறது அம்மாதான்!"